கொல்லும் செடியும் கொல்லாத கையும்

மனித மனம் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் வழிகள் பல. அவற்றுள் மிக நுட்பமான ஒன்று, தன் விருப்பத்தைப் பிறிதொன்றின் மூலம் நிறைவேற்றிக்கொண்டு, 'இதில் எனக்குப் பங்கில்லை' என்று அமைதி கொள்வதாகும். பெரிய விஷயங்களில் இந்த ஏமாற்று எளிதில் புலப்பட்டுவிடும். ஆள் வைத்துக் கொலை செய்தவனைக் கையில் கத்தி இல்லை என்பதற்காக எந்த நீதிமன்றமும் விடுவிப்பதில்லை. சிறிய விஷயங்களிலோ அது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து நிற்கிறது. ஆகவே சாதகன் தன் மனத்தை ஆராய வேண்டிய இடம் பெரும்பாலும் சிறிய விஷயங்களே. அத்தகைய ஒன்று இன்று பல வீடுகளின் ஜன்னலோரத்தில், உள்ளங்கை அளவு தொட்டியில் வளர்கிறது. அது பூச்சிகளைப் பிடித்து உண்ணும் செடி.

உயிர்களிடத்தில் இரக்கம் உள்ள ஓர் இல்லறத்தாரை எண்ணிப் பார்ப்போம். அவர் ஈயை அடிக்க மாட்டார். எறும்பின் மீது மருந்து தெளிக்க மாட்டார். ஆனால் சமையலறையில் ஈக்கள் மொய்க்கின்றன. பூந்தொட்டிகளின் ஈரமண்ணிலிருந்து சிறு கொசுறுப் பூச்சிகள் கிளம்புகின்றன. யாரோ ஒருவர் அவருக்கு வழி சொல்கிறார்: 'மருந்து வேண்டாம், மட்டை வேண்டாம். பூச்சி தின்னும் செடி ஒன்றை வாங்கி வையுங்கள். வேலையை அது பார்த்துக்கொள்ளும்.' அவர் வாங்கி வைக்கிறார். பூச்சிகள் சில குறைகின்றன. அவருடைய விரதமும் கெடவில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது.

உண்மையில் அவருடைய விரதம் கெடவில்லையா? கேள்வி சிறியதுதான். ஆனால் இதற்கு நேர்மையாக விடை தேடினால், செயல், கர்த்தா, பொறுப்பு ஆகியவற்றைப் பற்றிச் சாஸ்திரங்கள் கூறும் ஆழ்ந்த உண்மைகள் வரை அது நம்மை அழைத்துச் செல்லும்.

செடியின் இயல்பு

முதலில் அந்தச் செடியை அறிந்துகொள்வது நல்லது. பூச்சி உண்ணும் தாவரங்கள் பல நூறு இனங்களாக உலகெங்கும் பரவியுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை வளம் குன்றிய மண்ணிலும் சதுப்பு நிலத்திலும் வாழ்பவை. மற்றச் செடிகளைப் போலவே இவையும் சூரிய ஒளியைக் கொண்டு தம் உணவைத் தாமே தயாரிக்கின்றன. மண்ணில் கிடைக்காத நைட்ரஜன் முதலிய சத்துக்களைப் பெறுவதற்காகவே பூச்சிகளைப் பிடிக்கின்றன.

நம் நாட்டில் இவற்றுள் புகழ்பெற்றது மேகாலயத்தின் காசி, ஜயந்தியா, காரோ மலைகளில் வளரும் நெப்பந்தஸ் காசியானா என்னும் குடுவைச் செடி. இந்தியாவில் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் இனம் இது ஒன்றே. இதன் இலை நுனி நீண்டு, மூடியுடன் கூடிய குடுவையாக மாறியிருக்கிறது. குடுவையின் விளிம்பில் தேன் சுரக்கிறது. தேனை நாடி வரும் பூச்சி வழுவழுப்பான விளிம்பில் சறுக்கி உள்ளே விழுகிறது. உட்சுவரின் மெழுகுப் பூச்சு அதை ஏற விடுவதில்லை. அடியில் உள்ள திரவம் அதைச் செரித்துவிடுகிறது. காரோ மக்கள் இதை 'பிசாசின் கூடை' என்று பொருள்படும் பெயராலும், காசி மக்கள் 'அரக்க மலர்' என்று பொருள்படும் பெயராலும் அழைக்கின்றனர். இவற்றைத் தவிர, பசைத் துளிகள் பனித்துளிபோல் மின்னும் இலைகளையுடைய ட்ரோசீராவும், நீரில் நுண்ணிய பைகளைக் கொண்டு சிற்றுயிர்களை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் உறிஞ்சிக்கொள்ளும் யூட்ரிகுலேரியாவும் இந்தியாவில் உண்டு.

வீடுகளில் அதிகம் விரும்பி வளர்க்கப்படும் வீனஸ் ஃப்ளைட்ராப் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களுக்கு உரியது. அதன் இலை இரு மடல்களாக விரிந்திருக்கும். உட்புறத்தில் உள்ள உணர்முடியை ஒரு முறை தொட்டால் அது அசையாது. ஏறத்தாழ 20 விநாடிகளுக்குள் மீண்டும் ஒரு தொடுகை நிகழ்ந்தால்தான் மடல்கள் மூடும். காற்றில் வந்து விழும் துரும்புக்காக வீணே மூடித் தன் ஆற்றலை இழக்காமலிருக்க இது ஓர் ஏற்பாடு. மூடிய பின்னும் மடல்களின் விளிம்பில் உள்ள முட்களுக்கிடையே சிறு இடைவெளி இருக்கிறது. மிகச் சிறிய பூச்சி அதன் வழியே தப்பிவிடலாம். 1873-ஆம் ஆண்டில் பர்டன்-சாண்டர்சன் என்னும் ஆங்கிலேய உடலியல் அறிஞர், விலங்குகளின் நரம்புகளில் எழுவது போன்ற மின் துடிப்பு இந்த இலையிலும் எழுவதைக் கண்டறிந்தார்.

செடிக்குப் பாவம் உண்டா?

செடி ஓர் உயிரைக் கொல்கிறது என்ற செய்தி பதினெட்டாம் நூற்றாண்டின் அறிஞர்களையே கலங்கச் செய்தது. தாவரங்களுக்கெல்லாம் முறையாகப் பெயரிட்ட லின்னேயஸ்கூட இதை ஏற்கத் தயங்கினார். பூச்சி அகப்படுவது தற்செயலானது, அது அசைவற்று ஓய்ந்ததும் இலை திறந்து விட்டுவிடும் என்று அவர் கருதினார். 1860-ஆம் ஆண்டில் ட்ரோசீராவை ஆராயத் தொடங்கிய டார்வின், பதினைந்து ஆண்டுகள் கழித்து 1875-இல் வெளியிட்ட நூலில்தான், இச்செடிகள் பூச்சிகளை உண்மையிலேயே செரித்து உட்கொள்கின்றன என்பது ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது.

லின்னேயஸின் தயக்கம் இயல்பானதே. செடி என்றால் சாத்வீகம், விலங்கு என்றால் வன்முறை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இயற்கை அந்தக் கோட்டை மதிப்பதில்லை. ஆயினும் இதனால் செடி பாவியாகிவிடுமா? வேதாந்தம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. தாவர, விலங்குப் பிறவிகள் போக யோனிகள். முன்வினையை அனுபவிப்பதற்கான பிறவிகள். 'செய்யலாம், செய்யாமல் விடலாம், வேறு விதமாகவும் செய்யலாம்' என்ற தேர்வு மனிதப் பிறவிக்கே உரியது. தேர்வு உள்ள இடத்தில்தான் தர்மமும் அதர்மமும் உண்டு. காரோ மலையில் மழையில் நனைந்து நிற்கும் குடுவைச் செடி ஓர் ஈயை விழுங்கும்போது அங்கே பசி இருக்கிறது, பகை இல்லை. சங்கல்பம் இல்லை, ஆகவே பாவமும் இல்லை.

இன்னும் ஒரு படி மேலே சென்று பார்த்தால், அந்தச் செடி வெறும் கொலைக்கருவியும் அல்ல. போர்னியோவில் நெப்பந்தஸ் ஹெம்ஸ்லேயானா என்ற இனத்தின் குடுவைக்குள் சிறு வௌவால் ஒன்று பகலில் உறங்குகிறது. வௌவாலுக்கு இருப்பிடம் கிடைக்கிறது. அதன் எச்சம் செடிக்கு உரமாகிறது. வீனஸ் ஃப்ளைட்ராப்பின் பூக்காம்பு, பொறி இலைகளுக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. அதன் மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் பூச்சிகள் பொறியில் அரிதாகவே அகப்படுகின்றன என்பதை 2018-இல் வட கரோலினாவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆக, தன் இடத்தில் நிற்கும் செடி ஒரு பெரிய வாழ்க்கை வலையின் ஓர் இழை. அங்கே கொடுக்கல் வாங்கல் இரண்டும் உண்டு.

அதே செடியை ஒருவர் விலை கொடுத்து வாங்கி, ஈக்களைக் கொல்வதற்காகவே தம் ஜன்னலில் வைக்கும்போது, செடியின் இயல்பில் ஒரு மாற்றமும் நிகழ்வதில்லை. ஆனால் ஒன்று புதிதாக வந்து சேர்கிறது. அது மனிதனின் சங்கல்பம்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் சாதன பாதத்தில் ஹிம்சையை ஆராயும்போது, அதை மூன்றாகப் பகுக்கிறார்: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது. இம்மூன்றும் ஆசை, கோபம், மயக்கம் என்ற மூன்றில் ஒன்றிலிருந்து பிறக்கின்றன. ஒவ்வொன்றும் மென்மையாகவோ, நடுத்தரமாகவோ, தீவிரமாகவோ இருக்கலாம். இப்படியே பகுத்துக்கொண்டு செல்லும் வியாச பாஷ்யம், ஹிம்சை 81 வகைப்படும் என்று கணக்கிடுகிறது. ஏன் இவ்வளவு நுணுக்கம்? மனம் ஒளிந்துகொள்ளக்கூடிய மூலைமுடுக்குகள் அத்தனை என்பதை அம்முனிவர்கள் அறிந்திருந்தனர். ஒரு மூலையில் விளக்கேற்றினால் அது அடுத்த மூலைக்கு நகர்ந்துவிடும்.

மனு ஸ்மிருதியும், கொல்பவனை மட்டுமன்றி, அதற்கு அனுமதி தருபவன், வாங்குபவன், விற்பவன், சமைப்பவன், பரிமாறுபவன், உண்பவன் ஆகிய அனைவரையும் கொலையில் பங்குள்ளவர்களாகவே எண்ணுகிறது. திருவள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில், தின்பதற்காகக் கொல்வோர் இல்லையென்றால் விலைக்கு ஊன் தருவோரும் இருக்க மாட்டார்கள் என்ற கருத்தை வைக்கிறார். வேண்டுபவன் இருப்பதால்தான் செய்பவன் இருக்கிறான். ஜைன மரபு மனம், வாக்கு, காயம் மூன்றாலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றையும் விலக்குவதை விரதமாகக் கொள்கிறது. நம் நாட்டின் பல வேறு மரபுகள் ஒன்று கூடி உரைக்கும் உண்மை இது: கையை மாற்றலாம், அதனால் செயலின் உடைமை மாறிவிடுவதில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், ஜன்னலோரச் செடியை வைத்தவர் 'செய்விப்பவர்' என்ற வகையில் அடங்குகிறார். ஈ அகப்படவில்லையே என்று ஓர் ஈயைத் தாமே பிடித்து மடலுக்குள் இடும்போது 'செய்பவராக'வும் ஆகிவிடுகிறார். விருந்தினர் சுற்றி நின்று வியந்து கைதட்டும்போது அவர்கள் 'உடன்படுபவர்' ஆகின்றனர். ஒரு சிறிய தொட்டியைச் சுற்றி மூன்று வகையினரும் கூடிவிடுகின்றனர்.

'நான் இடம்தானே கொடுத்தேன்?'

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். 'அது அதன் இயல்பு. காட்டில் இருந்தாலும் அது ஈயைத்தான் பிடிக்கும். நான் அதற்கு இடமும் நீரும் மட்டுமே கொடுத்தேன். எல்லாம் இறைவனின் ஏற்பாடு. நடுவில் நான் யார்?'

பார்வைக்கு இது பணிவாகத் தோன்றுகிறது. பகவத்கீதையின் வாடையும் இதில் வீசுகிறது. எல்லாம் இறைவன் செயல், மனிதன் நிமித்த மாத்திரமே என்பது கீதையின் உபதேசம்தானே? ஆனால் அந்த உபதேசம் யாருக்கு, எப்போது தரப்பட்டது என்பதை மறக்கலாகாது. பிறர் கையால் காரியம் முடித்துக்கொண்டு ஒதுங்க விரும்பியவனுக்கு அது தரப்படவில்லை. தன் கையில் வில்லை ஏந்தி, விளைவுகளைக் கண்ணெதிரே கண்டு நடுங்கி நின்ற அர்ஜுனனுக்குத் தரப்பட்டது. பொறுப்பை முழுமையாக ஏற்பவனுக்குத்தான் கர்த்தா என்ற எண்ணத்தைக் கடந்து செல்லும் வழி திறக்கும். பொறுப்பையே ஏற்காதவன் கடப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?

இதற்கு ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய தோட்டக் கதை மிகப் பொருத்தமானது. அந்தணர் ஒருவர் தாம் அருமையாக வளர்த்த தோட்டத்தில் நுழைந்த பசுவை அடிக்க, அது இறந்துவிட்டது. கைக்கு அதிதேவதை இந்திரன், ஆகவே பாவம் இந்திரனையே சாரும் என்று அவர் வாதிட்டார். இந்திரன் முதியவர் வடிவில் வந்து, தோட்டத்தை உருவாக்கியது யார் என்று விசாரித்தான். ஒவ்வொரு செடியையும் காட்டி, எல்லாம் தம் உழைப்பே என்று அந்தணர் பெருமிதம் கொண்டார். தோட்டத்தின் பெருமை அவருக்கு, பசுவின் மரணம் மட்டும் இந்திரனுக்கா என்று கேட்டதும் அவர் வாயடைத்துப் போனார்.

இந்தக் கதை ஓர் எளிய சோதனையைக் கையில் தருகிறது. ஒரு காரியத்தின் புகழை ஏற்க மனம் முன்வருகிறதா என்று பார்க்க வேண்டும். 'என் வீட்டில் பூச்சித் தொல்லையே இல்லை. மருந்தும் அடிப்பதில்லை' என்று பெருமையாகச் சொல்லத் தோன்றுமானால், பூச்சிகளின் மரணமும் அதே கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

நஞ்சைவிட இது மேலல்லவா?

இரண்டாவது ஆட்சேபம் முதலாவதைவிட வலுவானது. மரியாதையுடன் அணுகத் தக்கது. 'பூச்சிமருந்து வேண்டியது, வேண்டாதது என்று பார்க்காமல் அனைத்தையும் கொல்கிறது. தேனீயும் சாகிறது, குழந்தையின் மூச்சிலும் கலக்கிறது. செடியோ வருவதில் சிலவற்றை மட்டும் பிடிக்கிறது. அதனால் ஹிம்சை குறைகிறது அல்லவா?'

ஆம், குறைகிறது. இரண்டு தீமைகளில் சிறியதைத் தேர்வது விவேகத்தின் வேலை. இந்த எண்ணம் புதிதும் அல்ல. போர்ச்சுகலில் ஓபோர்ட்டோ நகரை அடுத்த கிராமங்களில் ட்ரோசோஃபில்லம் என்ற பசை இலைச் செடியை ஈக்களைப் பிடிப்பதற்காகவே மக்கள் தம் குடிசைகளில் தொங்கவிட்டிருந்ததை டார்வின் தம் நூலில் குறித்துள்ளார். இன்றும் ஆர்க்கிட் வளர்ப்போர், தொட்டி மண்ணிலிருந்து எழும் சிறு பூச்சிகளைக் கட்டுப்படுத்த, பிங்குவிகுலா என்ற பசை இலைச் செடியைக் கண்ணாடி வீடுகளில் வைக்கின்றனர். நஞ்சுக்குப் பதிலாக இதைத் தேர்பவர் பழிக்கத் தக்கவர் அல்லர்.

ஆனால் 'குறைந்த ஹிம்சை' என்பது வேறு, 'அஹிம்சை' என்பது வேறு. முன்னதைப் பின்னதென்று எண்ணுவதில்தான் மயக்கம் இருக்கிறது. மேலும், குறைவு என்ற கணக்கையும் முழுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். வீனஸ் ஃப்ளைட்ராப்பின் ஒரு பொறி ஓர் இரையைச் செரிக்கவே பல நாட்கள் ஆகின்றன. சில முறை மூடித் திறந்த பின் அந்த இலை ஓய்ந்துவிடும். இயற்கையில் அது பிடிப்பவையும் பெரும்பாலும் எறும்பு, சிலந்தி, வண்டு போன்ற ஊர்வனவே. கொசுவை ஒழிக்கக் குடுவைச் செடி வைப்பவர் வியப்படைய வேண்டிய செய்தியும் உண்டு. வட அமெரிக்காவின் சாரசீனியா பர்புரியா என்ற குடுவைச் செடியின் நீரில்தான் ஒரு கொசு இனம் முட்டையிட்டு வளர்கிறது. நெப்பந்தஸ் குடுவைகளிலும் கொசுப் புழுக்கள் வாழ்கின்றன. ஆகவே வீட்டுப் பூச்சிகளை அடியோடு ஒழிக்கும் காவலாளியாக இச்செடிகளை எண்ணுவது பொருந்தாது.

கணக்கின் மறுபக்கத்தில் செடியின் உயிரும் இருக்கிறது. வீனஸ் ஃப்ளைட்ராப் அதன் தாயகத்தில் பெருமளவில் திருடப்பட்டதால், 2014-இல் வட கரோலினா மாநிலம் அதைக் கடுங்குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. மேகாலயத்தின் குடுவைச் செடி, அழியும் நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. காட்டிலிருந்து எடுத்த செடிகளை நாடுகளுக்கிடையே வணிகம் செய்வதைப் பன்னாட்டு ஒப்பந்தம் தடுக்கிறது. தெற்கு காரோ மலையின் பாக்மாராவில் அதற்கென்றே ஒரு சிறு சரணாலயம் இருக்கிறது. சில ஈக்களைக் கொல்லாதிருக்க விரும்பி, எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கேளாமல் ஒருவர் செடி வாங்கினால், ஓர் இனத்தையே அழிக்கும் செயலுக்கு அவருடைய பணம் துணைபோகக்கூடும். இதுவும் 'செய்வித்தல்' அல்லவா?

தவிர்க்க முடியாத ஹிம்சை

அப்படியானால் இல்லறத்தார் என்னதான் செய்வது? மூச்சு விடுவதிலும் நடப்பதிலும்கூட உயிர்கள் மடிகின்றனவே! சாஸ்திரங்கள் இந்த நிலையை அறியாதவை அல்ல. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தையும் இல்லறத்தாரின் ஐந்து கொலைக்களங்கள் என்றே மனு ஸ்மிருதி கூறுகிறது. உணவு சமைப்பதும் வீடு பெருக்குவதும் நீர் மொள்வதும் இல்லாமல் இல்லறம் இல்லை. இவற்றுள் ஹிம்சை கலந்தே இருக்கிறது. இதை மறைக்காமல் சொல்லிவிட்டு, இதற்கு ஈடாக ஐந்து பெரும் வேள்விகளை விதிக்கிறது அந்நூல். வேதம் ஓதுதல், முன்னோரைப் போற்றுதல், தேவரை வழிபடுதல், பிற உயிர்களுக்கு உணவளித்தல், விருந்தினரைப் பேணுதல் என்பவை அவை. துடைப்பத்தால் எறும்பைக் கொல்ல நேர்ந்த அதே வீட்டார், புழு பூச்சிகளுக்கும் காக்கைக்கும் உணவு வைக்க வேண்டும். வாசலில் அரிசி மாவால் கோலமிடும் வழக்கத்தில் எறும்புக்கு உணவிடும் கருத்தும் அடங்கியிருக்கிறது.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் தர்மவியாதனின் கதையும் இங்கே நினைக்கத் தக்கது. மிதிலையில் இறைச்சி விற்ற அவன், தன்னிடம் தர்மம் கேட்க வந்த கௌசிகர் என்ற அந்தணரிடம், தான் விலங்குகளைக் கொல்வதில்லை, பிறர் கொன்றவற்றையே விற்பதாகத் தெரிவிக்கிறான். ஆனால் அத்துடன் நிறுத்திக்கொண்டு தூய்மை கொண்டாடவில்லை. தன் தொழில் கொடியது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறான். ஏர் உழுபவனும் எண்ணற்ற உயிர்களைக் கொல்கிறான், முற்றிலும் ஹிம்சையற்றவர் எவரும் இல்லை, ஆயினும் முயற்சியால் அதைக் குறைத்துக்கொள்ள முடியும் என்று அந்தணருக்கு விளக்குகிறான். 'நான் கொல்லவில்லை' என்று சொல்ல உரிமை இருந்தும் அதை ஒரு திரையாகப் பயன்படுத்தாததே அவனுடைய பெருமை. தவம் செய்த அந்தணர் அவனிடம் பாடம் கேட்க வேண்டியிருந்ததன் காரணமும் அதுவே.

வலி என்னும் அளவுகோல்

தன் கையால் ஓர் உயிரைக் கொல்ல நேரும் நல்ல மனிதனின் உள்ளத்தில் ஒரு சிறு வலி எழுகிறது. இந்த வலி பயனற்றதன்று. 'இது தேவைதானா? வேறு வழி இல்லையா? இவ்வளவு போதாதா?' என்ற கேள்விகளை அதுவே எழுப்புகிறது. நெருப்பின் சூடு கையைக் காப்பது போல, அந்த வலி மனத்தின் மென்மையைக் காக்கிறது. கொல்லும் வேலையை ஒரு செடியிடமோ, ஒரு கருவியிடமோ, ஓர் ஆளிடமோ ஒப்படைத்தவுடன் வலி மறைகிறது. வலி மறைந்ததும் கேள்விகள் மறைகின்றன. கேள்விகள் மறைந்த இடத்தில் அளவு மறைகிறது. பிறரிடம் ஒப்படைக்கப்படும் ஹிம்சையின் உண்மையான ஆபத்து இதுவே.

ஜன்னலோரச் செடிக்கு ஓர் எல்லை உண்டு. நிறைந்த பின் அது மேலும் பிடிப்பதில்லை. ஆனால் 'நான் செய்யவில்லை, அது செய்கிறது' என்று பழகிய மனத்துக்கு எல்லை இல்லை. இன்று ஈயின் விஷயத்தில் அமைதி கொண்ட அதே மனம், நாளை தனக்குக் கீழே பணிபுரிவோர் பிறருக்குச் செய்யும் கொடுமையைக் காணாமல் அமைதி கொள்ளும். தான் வாங்கும் மலிவுப் பொருளின் பின்னால் இருக்கும் கண்ணீரைக் காணாமல் அமைதி கொள்ளும். தொலைவில் நிகழும் போரும் அந்த அமைதியைக் கலைக்காது. கருவிகள் மாறிக்கொண்டே போகும், மயக்கம் ஒன்றேதான்.

இதைவிடக் கவலைக்குரியது, அந்தத் தொட்டியின் அருகில் நிற்கும் குழந்தை. மடல் மூடுவதைக் காட்ட வேண்டும் என்பதற்காகத் தந்தை ஓர் உயிருள்ள ஈயை அதற்குள் இடுகிறார். குழந்தை சிரிக்கிறது, 'இன்னொன்று' என்று கேட்கிறது. செடியின் அற்புதத்தை அது கற்றிருக்கலாம். உயிர் துடிப்பதை விளையாட்டாகப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொண்டது. அதே தந்தை, ஈயை இடாமல், 'மண்ணில் சத்து இல்லாத இடத்தில் இது எப்படிப் பிழைக்கிறது, பார்' என்று சொல்லிப் பொறுமையாகக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தால், அந்தச் செடியே ஓர் ஆசிரியராகிவிடும்.

இல்லறத்தார் செய்யக்கூடியவை

இக்கருத்துகளை அன்றாட வாழ்வில் கடைப்பிடிப்பது கடினமன்று.

முதலாவது, தடுத்தல். பூச்சி வந்த பின் கொல்வதைவிட, வராமல் செய்வது மேலான தர்மம். ஈ குப்பையை நாடி வருகிறது. குப்பையை மூடி வைத்து அன்றாடம் அகற்றினால் அதற்கு அங்கே வேலை இல்லை. டெங்குவைப் பரப்பும் கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிடுகிறது. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், திறந்த தொட்டி ஆகியவற்றில் நீர் தேங்காமல் வாரந்தோறும் கவனித்தால், கொல்ல வேண்டிய கொசுக்களே பிறப்பதில்லை. தொட்டி மண்ணின் மேற்பரப்பை நன்கு காயவிட்டு நீர் ஊற்றினால் சிறு பூச்சிகள் பெருகுவதில்லை. ஜன்னலுக்கு வலை அடிப்பதும் அஹிம்சையின் ஒரு வடிவமே. சோம்பலால் பூச்சியை வளர்த்துவிட்டுப் பின்னர் அதைக் கொல்ல வழி தேடுபவர், இரண்டு முறை தவறுகிறார்.

இரண்டாவது, தேவை நேர்ந்தால் அறிந்து செய்தல். நோய்வாய்ப்பட்ட குழந்தையைக் கொசுவிடமிருந்து காப்பது இல்லறத்தாரின் கடமை. அப்போது செய்ய வேண்டியதைச் செய்யத்தான் வேண்டும். மருந்தாயினும் செடியாயினும், 'இதைச் செய்வது நான்' என்ற தெளிவோடு, மிகக் குறைந்த அளவில், வெறுப்பின்றிச் செய்வதே முறை. கடமைக்காகச் செய்வதற்கும் எரிச்சலுக்காகச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை வெளியில் இருப்பவர் அறிய முடியாது. செய்பவரின் உள்ளம் அறியும்.

மூன்றாவது, விளையாட்டாக்காமை. பூச்சி உண்ணும் செடியை அதன் அழகுக்காகவும் அறிவுக்காகவும் வளர்ப்பதில் குற்றமில்லை. காட்டிலிருந்து திருடப்படாத, முறையாகப் பயிராக்கப்பட்ட செடியை வாங்கி, அதற்கு வேண்டிய வெயிலும் மழைநீரும் கொடுத்தால், தன்னிடம் வருவதை அது தானே எடுத்துக்கொள்ளும். துடிப்பதைக் காண்பதற்காக அதன் வாயில் உயிரைத் திணிக்க வேண்டியதில்லை.

நான்காவது, ஈடு செய்தல். தன் வாழ்வுக்காகப் பிற உயிர்கள் மடிகின்றன என்பதை உணர்ந்தவர், பிற உயிர்கள் வாழ்வதற்காகத் தம்மால் இயன்றதைச் செய்யக் கடமைப்பட்டவர். கோடையில் பறவைக்கு ஒரு கிண்ணம் நீர், தேனீக்காக மருந்தடிக்காத ஒரு பூச்செடி, எறும்புக்கு ஒரு பிடி மாவு என இவை சிறியவைதான். ஐம்பெரும் வேள்விகளின் உட்பொருள் இத்தகைய சிறிய செயல்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அஹிம்சை கையில் தொடங்குவதில்லை. அது உள்ளத்தின் நேர்மையில் தொடங்குகிறது. தன் கணக்கைத் தானே சரியாக எழுதிக்கொள்பவர், ஓர் ஈயின் உயிரையும் அதில் விடாமல் எழுதுவார். அப்படி எழுதுபவரின் கணக்கில் உயிரிழப்புகள் தாமாகவே குறையும். வேறொருவர் பெயரில் எழுதிப் பழகியவரின் கணக்கோ நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகும். செடி தன் இயல்பின்படி வாழ்கிறது. அதற்கு விடை சொல்ல வேண்டிய கடமை இல்லை. விடை சொல்லும் ஆற்றலைப் பெற்றிருப்பதே மனிதப் பிறவியின் பெருமை. அந்தப் பெருமையை ஒரு சிறு தொட்டிச் செடியிடம் ஒப்படைத்துவிடாமல் காத்துக்கொள்வோமாக.